பலகாரம் என்று பெயர் வைத்த கோப்புறை

நவம்பர் 10, திங்கள்

விடியப்புறத்திலிருந்து தூறல். உள்துறைமுகப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் சாம்பல். உடுப்புக் காயாது.

கணினி இன்றைக்கும் விழுந்தது. ஐந்தாவது நாள்.

பழுது என்றால் எழுதாமல் பார்க்க எனக்குத் தெரியாது. துறைமுக அலுவலகத்து ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம். அங்கே பழுதுப் புத்தகம் இருந்தது: நேரம், எந்த லைன், என்ன பழுது, என்ன செய்தோம். இனி இந்தக் கொப்பியில் அப்படியே.

தொ. = தொடக்கம். நீ.தி. = நீலத் திரை. க.தி. = கறுப்புத் திரை.

தொ. 1, காலை 6.20. வட்டம் சுற்றியது. நீ.தி.
தொ. 2, 6.31. வட்டம்கூட இல்லை. க.தி.
தொ. 3, 6.50. முழுதாக வந்தது! மகன் துஷி போட்டு வைத்த கடல் படம் வரை. நான்கு நிமிடம். நீ.தி.
தொ. 4, 7.05. உள்ளே விசிறி மட்டும் சுற்றிச் சத்தம். வேறொன்றுமில்லை.

ஒழுங்கில்லை. அதுதான் ஆளைக் கொல்கிறது. அடியோடு செத்த லைனைக் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகிற லைன்தான் பேய். நல்லாயிருக்கும்போது பழுதைத் தேட ஏலாது, பழுதாக இருக்கும்போது ஒன்றையுமே தேட ஏலாது.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். துஷியின் அகதி வழக்கு. சுவிஸில் முதல் தடவை வாய்ச் சொல்லே போதும் என்றார்கள், போதவில்லை, மறுத்துவிட்டார்கள். இப்போது மேன்முறையீடு. புது வக்கீல் அம்மா எழுத்தில் கேட்கிறாவாம். இங்கே அவனை விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதங்கள், நாங்கள் போட்ட முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரி அட்டை, முதுகுக் காயத்தின் படங்கள் மூன்று. எல்லாமாகப் பதின்மூன்று. வெள்ளி மத்தியானம் அவர்கள் நேரத்துக்கு. எங்களுக்குப் பின்னேரம் நாலரை.

பதின்மூன்றும் இந்தப் பெட்டிக்குள். வேறெங்கும் இல்லை.

11.30க்கு எடுத்தான். அங்கே காலை ஏழு, வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கிறான்.

"அம்மா, அனுப்பினனீங்களோ?"

"நெட் சரியில்லை ராசா, மழை. நாளைக்கு அனுப்புறன்."

"நாளைக்குக் கட்டாயம் அம்மா. இது கடைசி."

"ஓம் ஓம்."

"அப்பா சுகமோ?"

"சுகம்."

அவ்வளவுதான் அப்பாவைப் பற்றிய கதை. நாலு வருடமாக அந்த ஒரு கேள்வி. கேட்டுவிட்டு மறுமொழி வரும் முன்னமே மற்றக் கதைக்குப் போய்விடுவான்.

ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து செவ்வரத்தைத் தளிர் முழுவதையும் தின்றுவிட்டது. இவர் பார்த்துக்கொண்டே கதிரையில் இருந்தார். விரட்டவில்லை. "பசிக்குத்தானே தின்னுது" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. காற்று மட்டும். கடற்பக்கத்து யன்னல் இரவெல்லாம் அடித்தது.

தொ. 5, 5.50. நீ.தி.
தொ. 6, 5.58. நீ.தி. வேறு எழுத்துகள். எழுதி வைக்க முன் போய்விட்டது.

பெட்டியைக் கழற்றினேன். இவர் ரோச் வெளிச்சம் பிடித்தார். உள்ளே ஒரு பல்லி முட்டை, தூசி, செத்த கரப்பான். பெயின்ற் பிரஷால் துடைத்தேன். போனில் வீடியோ பார்த்து, ராம் என்கிற இரண்டு தகட்டையும் பிடுங்கி, பள்ளிக்கூட அழிறப்பரால் அதன் மஞ்சள் பல்லைத் தேய்த்து, இருந்த இடத்திலேயே திரும்பக் குத்தினேன். சரியாகக் குத்த நாலு தரம் பிடித்தது. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நூறு லைன் குத்தின கை.

இவர் முப்பது வருடம் லோஞ்ச் படகுகளின் இன்ஜின் பார்த்தவர். கணினியைத் தொட மாட்டார். காதை மட்டும் பெட்டியில் வைத்தார்.

"விசிறி நல்லாத்தான் சுத்துது."

பெரிய கண்டுபிடிப்பு.

தொ. 7, 8.15. வந்தது! உடனே கோப்புறைக்குப் போனேன். ஆரும் தேடினால் அகப்படக்கூடாது என்று அன்றைக்கு நான் வைத்த பெயர் 'பலகாரம்'. உள்ளே கோப்புகள்: அதிரசம், முறுக்கு, கொக்கிஸ், தட்டை வடை, பயற்றம் உருண்டை... கடிதங்கள் எல்லாம் எண்ணெய்ப் பலகாரம். காயப் படங்கள் மூன்றும் தொதல் 1, 2, 3. பெயர்களைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருக்கின்றன. பதின்மூன்றும் இருக்கின்றன.

அதிரசத்தைத் திறந்தேன். திறந்தால் திரையைப் போனால் படம் எடுத்துவிடலாம் என்று போனையும் கையில் பிடித்தபடி. திரை வெள்ளையானது. காத்திருந்தேன். வெள்ளை. மேலே கீழே இழுத்தேன். வெள்ளை. பிறகு நீ.தி.

எழுதி வைக்கிறேன்: கோப்பைத் திறக்கும்போது தொங்குகிறது. வெ.தி. = வெள்ளைத் திரை. புதுப் பழுது.

தொ. 8, 9, 10. ஒன்றுமில்லை.

11.30. போனை எடுக்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், அடித்து ஓயும்வரை. என் பிள்ளையின் போனுக்கு ஒளித்து நிற்கிறேன். வெட்கம்.

பின்னேரம் இவர் கேட்டார், "கடையில குடுப்பமே?"

"கடைக்காரன் திறந்து பார்த்தா?"

"பார்த்தா?"

"பார்த்தா என்னவோ? உங்களுக்கு ஒண்டுமே விளங்காதோ?"

பிறகு போய் மீன் வெட்டினார். பாரை. நன்றாகத்தான் வெட்டுகிறார்.

நவம்பர் 12, புதன்

இருட்டுக் கட்டி நிற்கிறது, பெய்யவில்லை. முழங்கால் நோ.

செய்து பார்த்தவை: வயர் மாற்றியது. வேறு பிளக். யூ.பி.எஸ். இல்லாமல் நேரே. மவுஸ், கீபோர்ட் கழற்றி. பாதுகாப்பு முறை என்கிறதில் (இரண்டு தரம் உள்ளே போனது, இரண்டு தரமும் விழுந்தது). பெட்டியைப் படுக்க வைத்து. மின்விசிறியைப் பெட்டிக்கு நேரே வைத்து. சுவாமிப் படத்துக்கு முன் நின்று.

தொ. 11 முதல் 19 வரை. இரண்டு தரம் கடல் படம். ஒரு தரம் கோப்புறை. முறுக்கைத் திறந்தேன். வெ.தி., பிறகு நீ.தி. அதே கதை.

எதிர்வீட்டு ரீச்சர் மதிலுக்கு மேலால்: "என்ன மனோ, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?" வெங்காயம் என்றேன். அவவும் ஓமென்றா. நம்பவில்லை.

பென் டிரைவ் ஒன்றில் போட்டு வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. துஷியும் போன கிழமை கேட்டான், "பென்னில ஒரு பிரதி இருக்குத்தானே அம்மா?" ஓம் என்றுவிட்டேன். இந்த வீட்டில் பென் டிரைவே கிடையாது. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டுவார்கள். கசெட் ஒன்று, சீடி ஒன்று அகப்பட்டால் அன்றைய பொழுது அங்கேதான், சில பேருக்கு அதற்கு மேலும். கையில் கொண்டு திரியக்கூடிய ஒன்றிலும் ஒன்றையும் வைக்காதே என்பது அப்போது படித்தது. சாவடிகள் போய் எவ்வளவு காலம். எனக்குள் இருக்கிற சாவடி போகவில்லை.

இதையும் எழுதிவிட வேண்டும். இந்தக் கொப்பியை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

நாலு வருடத்துக்கு முன், துஷி நாட்டை விட்டு வெளிக்கிட்டு மூன்றாம் நாள். அவனைத் தேடி விசாரணைக்காரர் இரண்டு தரம் வந்துவிட்டார்கள், திரும்ப வருவோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். கடிதங்கள் வீட்டில் இருந்தால் எங்களுக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம் என்று எனக்குப் பட்டது. ரீச்சரிடம் ஒரு பின்னேரத்துக்கு ஸ்கானர் வாங்கினேன், ரியூஷன் தாள் அடிக்க என்று பொய் சொல்லி. எக்ஸ்சேஞ்சில் பெரிய பிரதி மிசின் இருந்தது. எழுத்து மேலே தெரிய அடுக்கி வைத்தால் தானாக ஒவ்வொன்றாய் இழுத்துக்கொள்ளும். இது மூடியைத் தூக்கி ஒவ்வொரு தாளாய் வைக்கிற ரகம். பதின்மூன்றையும் வைத்து எடுத்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றது. திறந்து பார்க்கவில்லை. படங்களில் அவன் முதுகு இருந்தது. இன்னொரு தரம் பார்க்க என்னால் ஏலாது.

பிறகு குசினி அடுப்பில் எரித்தேன். நான்தான். இவர் ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். "கொஞ்ச நாள் பாப்பமே மனோ" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. நெருப்புக்குச்சி கிழித்தது இந்தக் கை.

துஷி போய்ச் சேர்ந்து முதல் முதல் எடுத்தபோது, "மூலப் பிரதி எங்க?" என்று கத்தினான். "அப்பாதான் பயந்து எரிச்சுப்போட்டார்" என்று வாயில் வந்துவிட்டது. ஸ்பீக்கர் போட்டிருந்தது. இவர் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, நாலு வருடமாகவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று நானும் நாலு வருடம்.

இன்றைக்கு 11.30க்கு எடுத்தேன். "இண்டைக்குப் பின்னேரம்" என்றேன். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ, இருக்கோ இல்லையோ?"

"இருக்கு. என்ர கண்ணால பார்த்தனான்."

அது பொய்யில்லை.

தொ. 20, பின்னேரம் 5.10. க.தி. பிறகு தொடவில்லை. ஏலாது. எனக்கு இனி ஏலாது.

நவம்பர் 13, வியாழன்

பெரு மழை. பாண்காரன் வரவில்லை. இரவுச் சோற்றைப் பிசைந்து தின்றோம்.

ஒன்பது மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள். பழைய பழக்கம், யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். மழைக்கோட்டோடு ஒரு ஆள். கிண்ணியாவிலிருந்து ஹில்மி என்றார். நாற்பது வயதிருக்கும். இவரோடு லோஞ்சில் ஒன்றாக வேலை செய்தவரின் மகனாம், கணினி திருத்துகிறவர். என்னைக் கேட்காமல் இவர் போன் பண்ணியிருக்கிறார்!

குசினிக்குள் கூப்பிட்டு ஏசினேன். "ஆரைக் கேட்டுக் கூப்பிட்டனீங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. நாளைக்கு வெள்ளி."

இவ்வளவு நீளமாக இவர் என்னை எதிர்த்துக் கதைத்து எனக்கு நினைவில்லை.

ஹில்மி என் கொப்பியைக் கேட்டார். தொடக்கங்கள் எழுதின பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

"அக்கா, இப்படி எழுதி வெச்சி நான் ஆரையும் கண்டதில்ல. இதப் பாத்தாலே பாதி வேல முடிஞ்சி."

"டிஸ்கைக் கழட்டி உங்கட கடைக்குக் கொண்டு போகக்கூடாது."

"வேணாம். இஞ்சயே பாப்பம்."

பெட்டியைத் திறந்து, ரோச் அடித்து, ராம் குத்துகிற குழியைக் காட்டினார். நான் தகட்டின் பல்லைத் தேய்த்தேனே தவிர குழியின் வாயைப் பார்க்கவில்லை. அடியில் பச்சையாய்க் களிம்பு.

"கடல் காத்து. இந்தப் பக்கத்து மிசினெல்லாத்துக்கும் இதான் வருத்தம். யன்னலுக்குக் கிட்ட வெக்காதீங்க."

துஷிதான் யன்னலடியில் வைத்தான், துறைமுகம் பார்த்துக்கொண்டு படிக்க. நான் அதை அசைக்கவில்லை.

ஒரு தகட்டை எடுத்துவிட்டார். மற்றதை அடுத்த குழியில் குத்தினார்.

தொ. 21. வந்தது. பத்து நிமிடம். நின்றது, நின்றபடியே நின்றது.
தொ. 22. வந்தது.
தொ. 23. வந்தது.
ஏழு தரம் மூடித் திறந்து காட்டினார். ஏழு தரமும் கடல் படம்.

எனக்குக் கை கூப்பத் தோன்றியது. மூன்று நாள், இருபது தொடக்கம், அத்தனை பொய். அரை மணித்தியால வேலை. செவ்வாய்க்கிழமையே இவர் சொன்னதைக் கேட்டுக் கடையில் கொடுத்திருந்தால்.

என் முகத்தைப் பார்த்து ஹில்மிக்கு என்னவோ விளங்கியிருக்க வேண்டும். "நான் வெளியில நிக்கிறன் அக்கா. நீங்க உங்கட வேலயப் பாருங்க. என்ன இரிக்கிதெண்டு எனக்குத் தெரியத் தேவையில்ல" என்று சொல்லி, மழையென்றும் பாராமல் தாழ்வாரத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இப்படியொரு ஆளுக்குத்தான் பயந்தேன் மூன்று நாளும்.

பலகாரம். அதிரசம். திறந்தேன்.

வெள்ளை.

காத்திருந்தேன். கணினி தொங்கவில்லை. மவுஸ் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது. பக்கம் மட்டும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடுகள், இடமும் வலமும் மாறின எழுத்துகள்.

முறுக்கு. வெள்ளை. கொக்கிஸ். வெள்ளை. தட்டை வடையில் எழுத்து இருந்தது, நீல மையில், என் கையெழுத்து: தேங்காய் 2, சவர்க்காரம், நெத்தலிக் கருவாடு. அவனை விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதத்தின் பின்பக்கத்தில் நான் எப்போதோ எழுதின சாமான் துண்டு.

அப்போதுதான் விளங்கியது. எழுத்து மேலே தெரிய வைத்திருக்கிறேன். பதின்மூன்றையும். எக்ஸ்சேஞ்சு மிசினுக்கு வைக்கிற மாதிரி. இந்த ரகத்துக்கு எழுத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்க வேண்டும். கடிதங்களை நான் பார்த்துக்கொண்டிருக்க, மிசின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கண்ட வெள்ளை பழுதில்லை. அதுதான் கோப்பு.

ஆஸ்பத்திரி அட்டையின் பின்பக்கம் தெளிவாக இருக்கிறது, மூன்று மொழியிலும்: வரும் ஒவ்வொரு முறையும் இவ்வட்டையைக் கொண்டு வரவும். தொதல் 1, 2, 3: படம் கழுவின கடையின் பெயர், மூன்று தரம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தாளை அடியில் பிடித்த என் விரல் நுனி. அது மட்டும் அச்சொட்டாக விழுந்திருக்கிறது, ரேகையோடு.

தாள்களை எரித்தது ஸ்கான் எடுத்த அன்று பின்னேரமே.

ஹில்மிக்குத் தேநீர் கொடுத்தேனா, நினைவில்லை. போகும்போது "சரிதானே அக்கா?" என்றார். "நல்லா வேலை செய்யுது தம்பி" என்றேன். செய்கிறதுதானே.

இவரிடம் சொன்னேன். நான் கத்துவேன், அழுவேன் என்று பார்த்திருப்பார். ஒன்றும் வரவில்லை எனக்கு. இவர் எழும்பிப் போய்க் குளியலறையிலிருந்து சவரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். திரைக்கு எதிரே பிடித்தார். மாறின எழுத்துகள் கண்ணாடியில் நேராக வந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்னேரம் முழுவதும் அப்படியே பிடித்து, பார்த்து, எனக்குச் சொல்ல நான் எழுதினேன். பதின்மூன்றிலும் சேர்த்துக் கிடைத்தவை: ஒரு சீலின் பாதி வட்டம். துஷியின் முழுப் பெயரில் முதல் நாலு எழுத்து. ஒரு திகதியின் மாதம், நாள் இல்லை.

கை உளைந்திருக்கும். கணினியைத் தொடாத மனிதன்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். வெட்கமில்லாத வெயில். உள்துறைமுகம் பளிச்சென்று கிடக்கிறது, ஒரு சரக்குக் கப்பல், இரண்டு தோணி. முந்தநாள் உடுப்பையும் போட்டுக் காய வைத்தேன்.

தொ. 28, 6.00. வந்தது. ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

பதின்மூன்றையும் 9.15க்கு அனுப்பினேன், உள்ளபடியே. சாமான் துண்டையும்.

11.30 வரை என்ன செய்தேன்: சோறு. பருப்பு. உப்புப் போட மறந்தது. இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது. இரண்டையும் சொல்ல வேண்டும், எரித்தது, பிழையாக எடுத்தது. வசனத்தைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்தேன்: "துஷி, அம்மா சொல்லுறதைக் குறுக்கிடாமக் கேள்."

11.22. நேரத்துக்கு முன்னமே எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, என்ன இது? எல்லாம் வெள்ளை. என்ன அனுப்பியிருக்கிறீங்கள்?"

"துஷி," என்றேன். "அம்மா..."

அதற்கு மேல் வரவில்லை. இவர் கதிரையிலிருந்து எழும்பி வந்து, என் கையிலிருந்த போனை மெதுவாக எடுத்தார்.

"நான் கதைக்கிறன் துஷி. அப்பா. அண்டைக்கு அதை ஸ்கான் எடுத்தது நான். தாளைப் பிரட்டி வைச்சுப்போட்டன். அம்மாவுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் பஸ் சத்தம். யாரோ அந்த மொழியில் ஏதோ சொல்கிறார்கள், மணி அடிக்கிறது.

"எரிச்சது காணாதெண்டு இதையும் நீங்களோ, அப்பா?"

"ஓம் தம்பி."

"என்ர வாழ்க்கையை ரண்டு தரம் முடிச்சுப்போட்டீங்கள்."

"ஓம்."

வைத்துவிட்டான்.

நான் போனைப் பறிக்கவில்லை. இல்லை என்று கத்தவில்லை. கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றேன். ஒரு சொல் போதும். நாலு வருடத்துக்கு முன்னம் இவர் கோப்பையைப் பிடித்தபடி இருந்த மாதிரி நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். ஒரே வித்தியாசம், இவர் அன்றைக்கு இருந்தது எனக்காக.

இவர் போனை மேசையில் வைத்தார். கணினியை மூடி, பழைய சீலைத் துண்டை அதன்மேல் போர்த்தினார். "மான் வந்திட்டுதோ பாப்பம்" என்று வாசலுக்குப் போனார்.

இப்போது 2.40. அவர்களுடைய மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணியும் ஐம்பது நிமிடமும். போன் முன்னால் கிடக்கிறது. அவனுடைய இலக்கம் எனக்கு மனப்பாடம். இருபத்தாறு வருடம் யார் யாருக்கோ லைன் கொடுத்தவள்.

இன்னும் எடுக்கவில்லை.